எண்ணெய் குடிக்கும் எஞ்சின்

கிள்ளையில் மீன்பிடிப் படகானாலும் சரி, பட்டணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் காரானாலும் சரி, எஞ்சின் எண்ணெய் குடித்தால் "உடனே பிரித்துவிடு" என்பதே பலரின் யோசனை. இது சரியல்ல. நோய் இன்னதென்று அறியாமல் வயிற்றை அறுப்பாருண்டா?

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும், அதே குடும்பத்தில் 1962-இல் இங்கிலாந்தில் பிறந்த டிரயம்ப் ஸ்பிட்பயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் தயாரிப்பு நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. வீணாகப் பிரித்தால் நஷ்டம் யாருக்கு? உடையவருக்குத்தானே!

முதலில் இரவில் வண்டிக்கடியில் காகிதம் விரியுங்கள். காலையில் எண்ணெய்க் கறை இருந்தால், அது ஒழுக்கு. இல்லையேல் புகையைக் கவனியுங்கள். நீலப்புகை, எண்ணெய் எரிவதன் அடையாளம். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதித்ததும் அது குப்பென்று வந்தால், வால்வு கைடு மீது சந்தேகம். ஏற்றத்தில் விடாமல் வந்தால், பிஸ்டன் ரிங் மீது.

பிறகு மெக்கானிக்கிடம் கம்ப்ரஷனை அளக்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால், சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கட்டும். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. வால்வு கைடுதான் குற்றவாளி என்றால், ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். அடிவரை பிரிக்க வேண்டியதில்லை.

கண்டறிய ஒரு நாள் செலவாகலாம். கண்ணை மூடிக்கொண்டு பிரித்தால் பணப்பை காலியாகும்!