பயத்துக்கு ஒரு வரைபடம்

வியாபாரத்தில் எப்போதும் சந்தேகப்படுகிறவன்தான் பிழைப்பான் என்று 1996-இல் ஒரு புத்தகமே எழுதியவர் 'இன்டெல்' தலைவர் ஆண்டி குரோவ். அதற்கு முந்தைய ஆண்டே பயம் அவர் உடம்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது: 58 வயதில் புராஸ்டேட் புற்றுநோய்.

முதலில் பரிசோதனையையே சந்தேகித்தார் குரோவ். ரத்தத்தை இரண்டு சோதனைக்கூடங்களுக்கு அனுப்பினார். பி.எஸ்.ஏ. அளவு 6.0, 6.1 என்று வந்தது. தப்பிக்க வழியில்லை. அறுவை நிபுணர் கத்தி என்றார், கதிர்வீச்சு நிபுணர் கதிர் என்றார் (கத்தரிக்காய் விற்பவர் வெண்டைக்காயைச் சிபாரிசு செய்வாரா?). பகலில் ஆபீஸ், ராத்திரியில் மருத்துவக் கட்டுரைகள். அவற்றில் இருந்த எண்களை எடுத்துத் தானே வரைபடம் போட்டு ஒப்பிட்டார். கடைசியில் தேர்ந்தெடுத்தது கதிர்வீச்சு. ஆண்கள் பெரும்பாலும் மனைவியிடம்கூடச் சொல்லத் தயங்கும் விஷயம், 1996-இல் அவர் கைப்பட 'ஃபார்ச்சூன்' இதழின் அட்டைக் கட்டுரை ஆனது. 2016-இல் 79 வயதில் இறந்தார்.

எல்லோருக்கும் வரைபடம் போட வராது. ஆனால் 'உடனே வெட்டி எடுங்கள்' என்கிற அவசரம் பல சமயம் நோயின் அவசரமல்ல, பயத்தின் அவசரம். பிரிட்டனில் ஆரம்ப நிலை நோயாளிகள் 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று பிரித்துத் தொடர்ந்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியது அதிகம்தான். ஆனால் சுமார் 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் சேர்த்தே 45 பேர். பிரிவுக்குப் பிரிவு பெரிய வித்தியாசம் இல்லை.