குப்பை போட்டவர் யார்? கூட்டுபவர் யார்?



ஜொகூர் நீரிணையில் மிதக்கும் மீன் கூண்டுகளில் ஓயாத வேலை ஒன்று உண்டு. வலைகளிலும் கயிறுகளிலும் ஒட்டி வளரும் பச்சைச் சிப்பிகளைச் சுரண்டி எறிவதே அது. ஆம், சந்தையில் 'குப்பாங்' என்று நாம் கேட்டு வாங்கும் அதே சிப்பிதான். வலைக்கண்களை அடைத்து நீரோட்டத்தைத் தடுப்பதால் பண்ணையாளருக்கு அது பெருந்தொல்லை. ஆனால், அவர்கள் கடலில் கலக்கும் அழுக்கைக் கூலி வாங்காமல் அள்ளும் உயிரும் அதுவே! வலையிலிருந்து அகற்றட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்? அருகிலேயே தனிக் கயிறுகளில் அதனை வளர்க்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். இதுவே என் வாதம்.

அழுக்கு என்கிறேனே, அது யாது? கூண்டிலுள்ள சியாக்காப்பிற்கும் கெராப்பிற்கும் இடும் தீவனத்தின் நைட்ரஜனில் பாதிக்கும் மேல் மீனின் உடலில் சேர்வதில்லை. கழிவாகவும் அம்மோனியாவாகவும் நீரில் கலக்கிறது. அது நுண்பாசிகளுக்கு உரம். பாசி பெருகி, மடிந்து, அழுகும்போது நீரின் உயிர்வளி குறைகிறது. சில பாசிகளோ மீனின் செவுள்களையே சிதைப்பவை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் பாசிப்பெருக்கத்தால் இந்நீரிணையின் சிங்கப்பூர்ப் பகுதியில் பண்ணை மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. பண்ணைகள் மட்டுமே அதற்குக் காரணம் என்பது அநியாயம். இரு கரைகளின் கழிவுநீரும் அங்கேதான் வந்து சேர்கிறது. எனினும், தம் பங்கை மறுக்கப் பண்ணைகளால் இயலுமா?

சிப்பி தன் செவுள்களால் மணிக்குச் சில லிட்டர் நீரை வடிகட்டி, நுண்பாசியையும் நுண்துகள்களையும் உண்கிறது. அதற்குத் தீவனம் வாங்க வேண்டியதில்லை. சுவீடனில் லீசெக்கில் நகராட்சி, கழிவுநீரின் நைட்ரஜனை அகற்றும் பணிக்காக 2000களின் நடுப்பகுதியில் ஒரு சிப்பிப் பண்ணைக்குப் பணம் கொடுத்தது. அங்கு வளரும் நீலச் சிப்பியில் ஒரு டன் அறுவடை செய்தால், சுமார் 10 கிலோ நைட்ரஜன் கடலை விட்டு வெளியேறுகிறது.

கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் தியரி சோப்பானும் அவர்தம் குழுவினரும் 2001 முதல் சால்மன் கூண்டுகளுக்கு அருகே சிப்பியையும் கடற்பாசியையும் வளர்த்துக் காட்டினர். சீனாவின் சாங்கோ விரிகுடாவில் கடற்பாசியும் சிப்பியினங்களும் பெரும் பரப்பில் சேர்த்தே வளர்க்கப்படுகின்றன. நம் கடலிலோ சிப்பிக்குஞ்சு தானே வந்து கயிற்றில் ஒட்டுகிறது. ஓராண்டுக்குள் அறுவடைக்குத் தயாராகிறது. இவ்வளவு இருந்தும் நாம் சுரண்டி எறிகிறோம்!

"கடல் பெரியது, எல்லாவற்றையும் தாங்கும்" என்பார் சிலர். அகன்ற கடல் தாங்கலாம். ஒடுங்கிய நீரிணை தாங்காது.

வேறு சிலர் மறுகோடிக்குச் செல்கின்றனர்: "சிப்பி இருக்கிறது, இனிக் கூண்டுகளைப் பெருக்கலாம்." இதுதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. அடியில் படியும் பெரிய கழிவுகளைச் சிப்பி உண்ணாது. அம்மோனியாவை நேரே உறிஞ்சாது. அதற்குக் கடற்பாசி வேண்டும். சிப்பியின் எச்சமும் அடியில்தான் சேரும். அதனை உண்ணக் கடலட்டை வேண்டும். எனவே, சிப்பி துணைதான். அளவாகத் தீவனமிடும் ஒழுங்கிற்கு மாற்றன்று.

"நச்சுச் சிப்பியை யார் உண்பார்?" என்ற கேள்வி நியாயமானது. 1976இல் சபாவில் செந்நீர்ப் பெருக்கின்போது சிப்பியுணவு உயிர்களைப் பறித்தது. 2024இல் போர்ட் டிக்சனில் சிப்பி உண்டவர்கள் மருத்துவமனைக்குச் சென்றனர். ஆகவே, சோதனையின்றி ஒரு சிப்பியும் சந்தைக்கு வரக்கூடாது. நஞ்சு இருப்பின் விற்பனையை நிறுத்துக, அறுவடையை நிறுத்தற்க. அறுக்காத சிப்பி மடிந்து அழுகினால், அள்ளிய அழுக்கு மீண்டும் கடலுக்கே போகும்.

மலேசிய மீன்வளத் துறையும் சிங்கப்பூர் உணவு அமைப்பும் செய்யத்தக்கவை மூன்று. கூண்டின் அளவிற்கேற்ற சிப்பிக் கயிறுகளை உரிமத்தில் சேர்த்தல். அறுவடை எடையைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தல். சிப்பி வளர்ப்பதைக் காரணங்காட்டிக் கூடுதல் கூண்டு கேட்போருக்கு மறுப்புச் சொல்லுதல்.

செலவு யாருடையது என்பீர்களா? வகுப்பறையில் காகிதத்தைக் கிழித்துப் போட்ட மாணவனே அதைப் பொறுக்க வேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்கிறோம். கடலில் மீன் வளர்த்துப் பொருளீட்டும் பெரியவர்களுக்கு மட்டும் வேறு நீதியா?

சிந்திப்பீர்.