தெரியாததற்கும் சேர்த்துக் கட்டுங்கள்

போபால் யூனியன் கார்பைடு ஆலையின் 610-ஆம் எண் தொட்டிக்குள் 1984 டிசம்பர் 2 இரவு தண்ணீர் எப்படிப் புகுந்தது? குழாய்களைக் கழுவியபோது கசிந்து போனது என்கிறது ஒரு தரப்பு. யாரோ வேண்டுமென்றே செலுத்திவிட்டார்கள் என்பது கம்பெனியின் வாதம். 40 ஆண்டுகள் கடந்தும் சச்சரவு ஓயவில்லை. ஆனால் ஆலையை வடிவமைக்கும் பொறியாளருக்கு வேறு கேள்விதான் முக்கியம்: தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் தொட்டி தாங்குமா?

தாங்கவில்லை. உள்ளே 40 டன்னுக்கு மேல் மெதில் ஐசோசயனேட். தண்ணீர் பட்டதும் சூடேறியது. கலந்திருந்த குளோரோஃபார்ம் தொட்டியின் சுவரை அரிக்க, அதிலிருந்து வந்த இரும்பு வினையூக்கியாகி இன்னும் வேகமான வினையைத் தூண்டியது. 39 டிகிரியில் கொதிக்கும் திரவம் 200 டிகிரியைத் தாண்டியது.

இத்தகைய வினைகளின் குணமே இதுதான். சுமார் 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் இரட்டிப்பாகும். குளிரூட்டும் கருவியின் திறன் அப்படிப் பெருகாது. ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் பிடித்து நிறுத்த முடியாது.

பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு காகிதத்தில் குறைவில்லை. ஆனால் குளிர்பதனக் கருவி மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரம் சிறு கசிவுக்கே போதுமானது. தண்ணீர்ப் பீய்ச்சல் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. ஒன்று தவறினால் இன்னொன்று காக்கும் என்பது கணக்கு. எல்லாவற்றையும் ஒரே சிக்கன நடவடிக்கை பலவீனமாக்கும் என்பது கணக்கில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலும் அதே பாடம். ஊரடங்கில் தேங்கிக் கிடந்த ஸ்டைரீன் தானாகவே வினைபுரிந்து சூடேறி, ஆவியாகி ஊருக்குள் பரவியது. 12 பேர் இறந்தனர். வெப்பநிலையை அளக்கும் கருவி தொட்டியின் அடியில் மட்டும் இருந்தது. சூடு மேலே ஏறியிருந்தது. குளிரூட்டும் அமைப்பு மாலையில் நிறுத்தப்பட்டு வந்ததாக ஆந்திர அரசு நியமித்த குழு கண்டறிந்தது.

எல்லா விபத்தையும் முன்கூட்டி ஊகிக்க யாராலும் முடியாது. ஊகிக்க முடியாததற்கு இடம் விட்டுக் கட்ட முடியும். தண்ணீர், துரு போன்ற அசுத்தங்களைச் சேர்த்துச் சில கிராம் ரசாயனத்தைச் சோதனைக்கூடத்தில் சூடாக்கிப் பார்த்தால், வினை எந்த வெப்பநிலையில் கைமீறும் என்பது தெரியும். அழுத்தம் வெளியேறும் வழியை மிக மோசமான நிலைமைக்கு ஏற்ப அகலமாக வைக்கலாம். மின்சாரம் நின்றாலும் இயங்கும் மாற்றுக் குளிரூட்டலை ஏற்படுத்தலாம்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, குறைவாகச் சேமிப்பது. பிரிட்டிஷ் பொறியாளர் டிரெவர் கிளெட்ஸ் 1970-களிலிருந்தே வலியுறுத்திய யோசனை இது. தேவைப்படும்போது தயாரித்து அப்போதே பயன்படுத்திவிட்டால், கசிய அதிகம் இருக்காது. போபாலில் பூச்சிமருந்து விற்பனை மந்தமாகியிருந்தது. அந்த இரவில் அத்தனை டன் ரசாயனம் யாருக்கும் தேவைப்படவில்லை.