வண்டி இழுத்த கதை போதும்

செப்டம்பர் 5 வந்துவிட்டால் தமிழகக் கல்லூரி மேடைகளில் ஒரு குதிரைவண்டி தவறாமல் வந்து நிற்கும். 1921இல் மைசூரிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட சர்வபள்ளி இராதாகிருஷ்ணனை, குதிரைகளை அவிழ்த்துவிட்டு மாணவர்களே வண்டியிழுத்து இரயில் நிலையம் சேர்த்த கதை. அழகான கதைதான். ஆனால் அவர் கற்பித்த பாடம் எது, யாரோடு வாதிட்டார், அவரை மறுத்தவர் யார் என்று அம்மேடைகளில் எவரும் பேசி, தருமபுரி மாவட்டத்தில் தமிழ் பயிற்றுவிக்கும் நாம் கேட்டதில்லை. ஆசிரியரைக் கொண்டாடிப் பாடத்தைப் புதைக்கும் விழா இது. இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அவருடைய பாடம் அறவியல். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் முதுகலைக்காக 1908இல் அவர் எழுதிய ஆய்வேடே வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியது. கல்கத்தாவில் வகித்தது மன, அற அறிவியலுக்கான ஐந்தாம் ஜார்ஜ் இருக்கை. 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் வகித்தது கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான ஸ்பால்டிங் இருக்கை. குடியரசுத் தலைவர் பதவி ஐந்தாண்டு. அறவியலோடு உறவு அரை நூற்றாண்டு.

அந்த முதல் ஆய்வேடு போற்றியுரை அன்று, மறுப்புரை. உலகமே மாயை என்போருக்கு ஒழுக்கம் எதற்கு, வேதாந்தத்தில் அறத்துக்கு இடமேது என்று கிறித்தவத் திறனாய்வாளர்கள் கேட்டார்கள். இருபது வயது மாணவர் அவர்கள் கல்லூரியிலேயே அமர்ந்து பதில் எழுதினார். அதைப் பாராட்டி நற்சான்று தந்தவர் ஏ.ஜி. ஹாக், கிறித்தவ சமயப் பணிக்கென்றே வந்த பேராசிரியர். ஆசிரியர் தினத்தில் சொல்லத்தக்க கதை உண்டென்றால் இதுவன்றோ?

பின்னர் ஆல்பர்ட் சுவைட்சர் ஏறத்தாழ அதே குற்றச்சாட்டை விரிவாக எழுப்பினார். இந்தியச் சிந்தனை பெரும்பாலும் உலக மறுப்புச் சிந்தனை என்றார். இராதாகிருஷ்ணன் 1939இல் வெளிவந்த நூலில் அதற்கு மறுமொழி தந்தார். இதில் தமிழர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அதே சுவைட்சர் உலகை ஏற்கும் அறம் குறளில் இருப்பதாக வியந்து எழுதியவர். கீதைக்கும் உபநிடதங்களுக்கும் தம்மபதத்துக்கும் பிரம்ம சூத்திரத்துக்கும் நூல் செய்த திருத்தணிக்காரர் குறளுக்கென ஒரு நூல் செய்யவில்லை. குறை சொல்ல அன்று. எந்த அறம் மெய்யியல் வகுப்புக்குள் நுழைந்தது, எந்த அறம் மனப்பாடப் பகுதியாக வெளியே நின்றது என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆனால் நம் மேடைகள் மறைக்கும் பெரிய வழக்கு வேறு. 1926இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றி, மறு ஆண்டு நூலாக வந்த 'இந்து வாழ்க்கை நோக்கு' உரைகளில் இராதாகிருஷ்ணன் சாதியமைப்பின் சீர்கேட்டை ஒப்புக்கொண்டார். அதன் மூலக் கருத்தையோ, பல இனங்கள் மோதாமல் வாழக் கண்ட வழியென்று காத்தார். இந்து நாகரிகம் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்ததையும் பெருமையாகச் சுட்டினார். அவர் ஆக்ஸ்போர்டு இருக்கையில் அமர்ந்த அதே 1936இல் 'சாதி ஒழிப்பு' வெளிவந்தது. அதில் அம்பேத்கர் அவரைப் பெயர் சொல்லியே மறுக்கிறார். ஒரு சமூகம் பிழைத்திருக்கிறதா என்பது கேள்வியன்று, எந்த நிலையில் பிழைத்திருக்கிறது என்பதே கேள்வி என்கிறார். பிழைத்தலை நன்மைக்குச் சான்றாகக் காட்ட முடியாது. நம் கருத்தில், இவ்வழக்கில் வென்றவர் அம்பேத்கர். அறவியல் பேராசிரியர் விளக்கம் தந்த இடத்தில் அம்பேத்கர் அறவியலின் கேள்வியைக் கேட்டார்.

இது பழங்கதை என்பவர்கள் நம் மாவட்டத்துக்கு வரட்டும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. சாதி கடந்த ஒரு திருமணம் காரணமாகச் சொல்லப்பட்டது. ஊரின் பெயரில் தருமம் இருக்கிறது! நிலைத்திருப்பதெல்லாம் நல்லதா, வழக்கம் என்பது நியாயமாகுமா என்ற கேள்விகள் இங்கே பேருந்து நிறுத்தத்தில் நிற்கின்றன; வகுப்பறைக்குள் மட்டும் வருவதில்லை. மெய்யியல் துறை உள்ள கல்லூரிகள் தமிழகத்தில் மிகச் சிலவே. மற்றவற்றில் அறவியலின் இடத்தைப் பிடித்திருப்பது 'மதிப்புக் கல்வி' என்னும் தாள்: பொறுமை நன்று, பெரியோரை வணங்கு, இரண்டு மதிப்பெண். அதில் வாதம் இல்லை. எதிர்வாதம் இருக்கவே முடியாது. இருபது வயதில் தம் கல்லூரியின் சமயத்தையே எதிர்த்து எழுதிய மாணவர் இன்று அத்தாளை எழுதினால் தேறுவாரா என்பது ஐயமே.

இராதாகிருஷ்ணன் சிலையாக நிற்கத்தக்கவர் அல்லர், விவாதிக்கத்தக்கவர். மறுக்கப்படுவது மெய்யியல் அறிஞருக்கு இழுக்கென்று எண்ணுவது அரசியல் மேடையின் பழக்கம். இவ்வாண்டு செப்டம்பர் 5க்கு மாலையும் பொன்னாடையும் வாங்கும் துறைகள், 1927 நூலின் சாதி பற்றிய பக்கங்களையும் 1936 நூலின் அந்த மறுப்பையும் படியெடுத்து மாணவர் கையில் தரட்டும். தமிழில் கிடைக்காது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். அம்பேத்கரின் நூல் தமிழில் வந்துவிட்டதென்று அவரே 1937ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் குறிப்பிட்டிருக்கிறார்.