முட்டுக்கட்டை போட்ட வீரர்

தம்பி,

வைகாசித் திங்களில் வரதராசர் கோயில் தேர் காஞ்சித் தெருவிலே அசைந்து வரும் காட்சியைக் கண்டிருப்பாய். கும்பிடப் போகிறவர் உண்டு. கூட்டத்தைப் பார்க்கப் போகிறவரும் உண்டு. வடம் பிடிப்போர் முழக்கம் விண்ணை முட்டும். எல்லோர் கண்ணும் தேரின் உச்சியிலே இருக்கும். ஆனால் சக்கரத்தை ஒட்டி, கையிலே ஒரு கட்டையோடு, குனிந்த தலை நிமிராமல் ஒருவன் நடந்து வருகிறானே, அவனை யார் பார்க்கிறார்கள்? தேர் தடம் மாறினால் அவன்தான் கட்டையைச் சக்கரத்தின் அடியிலே செருகவேண்டும். ஒரு நொடி பிந்தினால் தேர் கடைத்தெருவுக்குள் புகுந்துவிடும்; கை சறுக்கினாலோ அவன் உயிருக்கே உலை. தேர் நிலைக்கு வந்ததும் வடம் பிடித்தவர்கள் தோள் தட்டிக்கொள்வார்கள். அவன் கட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேருவான்.

வேடிக்கை என்னவென்றால், அவன் செய்யும் வேலையின் பெயரை நாட்டிலே வசைச்சொல் ஆக்கிவிட்டார்கள். ‘முட்டுக்கட்டை போடுகிறார்கள்’ என்பது ஆட்சியிலே இருப்போர் எதிர்வரிசையைப் பார்த்து வீசும் கணை. வரிசை மாறி உட்கார்ந்த மறுநாளே கணையும் கை மாறிவிடும். தடுப்பது என்றாலே கெடுப்பது என்று பொருள் கொள்ளும் பழக்கம் அவ்வளவு ஆழமாக ஊறிக் கிடக்கிறது.

அதனால்தான், தம்பி, இன்று உனக்கு ஒரு முட்டுக்கட்டைக்காரரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். தேர்க்காரர் அல்லர், பந்தாட்டக்காரர். “ஞாயிற்றுக்கிழமை அரசியல் கட்டுரையைத் தேடி வந்தால் பந்தாட்டமா?” என்று முகம் சுளிக்காதே. இந்தப் பந்தாட்டத்திலே அரசியலும் இருக்கிறது, நாம் கவனிக்கத் தவறும் நீதி ஒன்றும் இருக்கிறது.

பந்தை உதைத்து வலைக்குள் தள்ளுகிறவனை உலகம் கொண்டாடும். தள்ளவிடாமல் தடுக்கிறவனை மறந்துவிடும். தடுப்பதையே ஒரு கலையாக வளர்த்துப் பெயர் பெற்ற சின்னஞ்சிறு நாடு சுவிட்சர்லாந்து. 1930களில் வியன்னாவிலே பிறந்த கார்ல் ரப்பான் என்னும் பயிற்சியாளர் அங்கே ஒரு முறையை வகுத்தார். தற்காப்பாளரில் ஒருவர் மற்றவர்களுக்குப் பின்னே தனித்து நிற்பார். முன்னே எந்தப் பக்கம் ஓட்டை விழுகிறதோ அந்தப் பக்கம் நகர்ந்து அடைப்பார், கதவிலே தாழ்ப்பாள் நகர்வதைப்போல. அந்த முறைக்கே ‘தாழ்ப்பாள்’ என்றுதான் பெயர் வந்தது. பிரெஞ்சு மொழியிலே ‘வெரூ’ என்பார்கள். 1938ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியிலே இந்தத் தாழ்ப்பாளோடு அவர்கள் எதிர்த்து நின்றது எந்த நாட்டை என்று நினைக்கிறாய்? இட்லரின் ஜெர்மனியை! அந்த ஆண்டு மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கி, அதன் ஆட்டக்காரர்களையும் தன் அணியிலே சேர்த்துக்கொண்டு வந்திருந்த ஜெர்மனியை! முதல் ஆட்டம் 1-1. ஜூன் 9 அன்று பாரிசிலே மறு ஆட்டம். இரண்டு கோல் பின்தங்கிய சுவிஸ் அணி 4-2 என்று வென்று ஜெர்மனியை ஊருக்கு அனுப்பிவைத்தது. கோல் அடித்தவர்களின் பெயர்கள் ஏட்டிலே இருக்கின்றன. பின்வரிசையிலே நின்றவர்களுள் செவெரினோ மினெல்லி என்று ஒருவர். தன் நாட்டுக்காக 80 ஆட்டங்கள் ஆடியவர். நீ கேள்விப்பட்டதுண்டா? இன்று அதே நாட்டிலிருந்து மனுவேல் அக்காஞ்சி என்னும் தற்காப்பாளர் புறப்பட்டு வந்து, 2022-23 பருவத்திலே மான்செஸ்டர் சிட்டி அணியோடு மூன்று பெருங்கோப்பைகளையும் தூக்கினார். அங்கே தடுப்பதும் ஒரு தொழில். அதற்குக் கூலி உண்டு, கணக்கு உண்டு.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன்.

ஜர்னெயில் சிங் 1936இல் லயால்பூர் மாவட்டத்திலே பிறந்தவர். அந்த ஊர் இன்று பாகிஸ்தானிலே பைசலாபாத் என்னும் பெயரோடு இருக்கிறது. 1947இல் நாடு இரண்டாக வெட்டப்பட்டபோது அவருக்கு வயது பதினொன்று. பிறந்த மண்ணை விட்டு ஓடிவந்த எண்ணற்ற குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. கிழக்குப் பஞ்சாபில், ஓசியார்ப்பூர் மாவட்டத்தில் வேர் பிடித்தார்கள். அங்கே மாகில்பூரிலே பந்தாட்டம் ஊரின் உயிர்மூச்சு. அந்த மண்ணிலே வளர்ந்த இளைஞர் 1958இல் கல்கத்தாவுக்கு வந்து ராஜஸ்தான் கிளப்பில் ஆடினார். அடுத்த ஆண்டே மோகன் பகானில் சேர்ந்து பத்தாண்டுக்காலம் அதன் பின்வரிசைக்கு மதிலாக நின்றார். வீடு இழந்து வந்தவர், அடுத்தவர் வீட்டுக்குக் காவல் நிற்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார்.

வாட்டசாட்டமான உடல், அஞ்சாத பாய்ச்சல், தரையோடு சறுக்கிப் பந்தைப் பறிக்கும் லாகவம். 1960இல் ரோம் ஒலிம்பிக்கிலே பிரான்சோடு 1-1 என்று சமன் செய்த அணியிலே அவர் இருந்தார். வெண்கலம் வென்ற ஹங்கேரி அந்தப் போட்டியிலே நம்மை 2-1 என்றுதான் வெல்ல முடிந்தது. ஒரே ஒரு கோல் வேறுபாடு! அது ஏன் ஐந்தாக, ஆறாக விரியவில்லை என்று கேட்டால், விடை பின்வரிசையிலே இருக்கிறது.

ஆனால் தம்பி, கதையின் உச்சம் ஜகார்த்தா.

1962, ஆசிய விளையாட்டுப் போட்டி. போட்டியை நடத்திய இந்தோனேசியா, இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் நுழைவு உரிமை தரவில்லை. இது முறையல்ல, இதனை ஆசியப் போட்டி என்று அழைப்பதே தகாது என்று வாதிட்டார் இந்தியாவின் குரு தத் சோந்தி. அவர் சொன்னது நியாயமா, சமயமறியாத பேச்சா என்பதை இங்கே அலசப் போவதில்லை. விளைவைச் சொல்கிறேன். ஜகார்த்தா கொதித்தது, இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. நம் நாட்டு வீரர் எங்கே இறங்கினாலும் ஏளனக் கூச்சல். மேடையிலே பேசியவர் ஒருவர். களத்திலே வசை வாங்கியவர் பதினொருவர். அரசியலிலே இது புதிதா என்ன?

இந்தக் கொதிப்புக்கு நடுவே ஆடவேண்டியிருந்தது ரஹீமின் அணி. ஐதராபாத்தின் சையத் அப்துல் ரஹீமைச் சொல்கிறேன். 2024இல் வந்த ‘மைதான்’ என்னும் இந்திப் படத்தால் இன்றைய இளைஞரும் அறிந்த பயிற்சியாளர். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றது அணி. அந்த ஆட்டத்திலே ஜர்னெயிலின் மண்டை உடைந்து தையல் போடவேண்டியதாயிற்று. அணியின் மதிலே சரிந்தது என்று பலரும் எண்ணியிருப்பார்கள். சரியவில்லை. வங்கத்து அருண் கோஷ் அந்த இடத்திலே போய் நின்றார். ஜப்பானை ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் 2-0 என்று வென்றார்கள்.

அப்போதுதான் ரஹீம் யாரும் எதிர்பாராத காரியம் ஒன்றைச் செய்தார். அடைபட்டுவிட்ட இடத்தைக் கலைக்க மனமின்றி, தலைக்கட்டோடு இருந்த தற்காப்பாளரைத் தாக்கும் வரிசையின் நடுவிலே நிறுத்தினார்! அரை இறுதியிலே தென் வியத்நாமுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார் ஜர்னெயில். 3-2 என்று வெற்றி. செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே அதே தென் கொரியா. சுற்றிலும் ஏறத்தாழ இலட்சம் பேர். இந்தியா தோற்கவேண்டும் என்று கூவும் இலட்சம் பேர். ஆதரித்துக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தானின் ஹாக்கி வீரர்கள் என்று அன்று ஆடியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். லயால்பூரை இழந்து வந்தவரின் காதிலே அந்தக் குரல் எப்படி ஒலித்திருக்கும்!

பதினேழாம் நிமிடம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். இருபதாம் நிமிடம் ஜர்னெயில் இரண்டாம் கோல். அதன் பிறகு நடந்ததெல்லாம் காவல். வலையின் முன்னே நெடிதுயர்ந்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஆம் தம்பி, தமிழர்; வெலிங்டனிலே மதராஸ் ரெஜிமெண்டின் பந்தாட்டத்திலே உருவானவர். அவருக்கு முன்னே கேரளத்துச் சந்திரசேகர், திரிலோக் சிங், வங்கத்து அருண் கோஷ். முன்வரிசையிலே செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்திலே பிறந்த பலராம். ஒரே தாய்மொழி பேசாத இவர்கள், ஒரே வேலையைச் செய்தார்கள். எண்பத்தைந்தாம் நிமிடத்திலே கொரியா ஒரு கோலைத் திருப்பியது. மிச்சமிருந்த ஐந்து நிமிடத்தைப் பின்வரிசை கரைத்து முடித்தது. தங்கம்! ஆசியப் பந்தாட்டத்தில் இந்தியா பெற்ற கடைசித் தங்கம் அதுவே. ரஹீம் அடுத்த ஆண்டு ஜூனிலே புற்றுநோயால் மறைந்தார்.

இப்போது ஏட்டைப் புரட்டிப் பார். ஜகார்த்தா 1962, ஜர்னெயில் சிங்: இரண்டு கோல். அவ்வளவுதான்! ஆசியாவின் தலைசிறந்த தற்காப்பாளர் என்று பாராட்டப்பட்டவர், 1964இல் அர்ஜுனா விருது பெற்றவர், பின்னர் நாட்டின் அணிக்கே தலைமை தாங்கியவர், ஊர் நினைவிலே நிற்பது எதற்காக? தன் இடத்தை விட்டு, அடுத்தவர் இடத்திலே போய் நின்ற இரண்டு ஆட்டங்களுக்காக! அவர் தன் இடத்திலே நின்று பறித்த பந்துகள் எத்தனை, காத்த வெற்றிகள் எத்தனை என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. விழுந்த கோலுக்குக் கணக்கு உண்டு. விழாத கோலுக்கு ஏடு ஏது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்நாளில் நம் ஆட்டக்காரர்கள் பெயரளவிலே ‘அமெச்சூர்’. பானர்ஜி ரயில்வே ஊழியர். தங்கராஜ் படையிலே இருந்தவர். தொழில்முறை லீக் என்ற பெயரோடு ஒன்று இங்கே வந்தது 2007இல்தான். கால் ஓயும் வரை கைதட்டல், ஓய்ந்த பின் உன் பாடு உன்னோடு என்பதே பலர் பெற்ற பரிசு. ஜர்னெயில் பஞ்சாப் அரசின் விளையாட்டுத் துறையிலே உயர்பதவி வகித்தார். அந்த வகையிலே பேறு பெற்றவர். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் கனடாவின் வான்கூவரிலே காலமானார். பிறந்த ஊருக்கும் வளர்ந்த ஊருக்கும் எவ்வளவோ தொலைவிலே!

“விழாத கோலை எப்படி அண்ணா எண்ணுவது?” என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லக் காஞ்சித் தறிக்காரரை விடத் தக்கவர் இல்லை. பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பிணைக்கும் கோர்வையை ஒருவரே போட்டுவிட முடியாது. தறியிலே அமர்ந்திருப்பவர் ஒரு புறம், மறு கரையின் நாடாவை ஓட்டிக் கொடுக்கும் துணையாள் மறு புறம். கடையிலே விரித்ததும் கண்ணைப் பறிப்பது முந்தானைச் சரிகை, கோர்வை பேசுவதில்லை. ஆனால் அறிந்தவர் சேலையைக் கையிலே வாங்கியதும் முதலிலே எதைப் பார்க்கிறார்? கரையும் உடலும் கூடுகிற இடத்தைத் தடவிப் பார்க்கிறார். துணி நைந்தாலும் கரை பிரியாது என்றால்தான் அவருக்கு அது காஞ்சிபுரம். கண்ணுக்குத் தெரியாத வேலையை அளக்க அவரிடம் கருவி இல்லை. கை இருக்கிறது, அந்த வேலையைச் செய்த கை. அந்தத் துணையாளுக்குக் கூலி எவ்வளவு, சேலையின் விலையிலே அவர் பங்கு எவ்வளவு என்பது வேறு கட்டுரை; அதையும் ஒரு நாள் எழுதத்தான் வேண்டும்.

நம் அமைப்பை எடுத்துக்கொள். வாக்குச்சாவடியிலே விடிந்தது முதல் பொழுது சாயும் வரை பட்டியலை மடியிலே விரித்து அமர்ந்திருக்கிற முகவரைச் சொல்கிறேன். ஆள்மாறாட்டம் செய்ய வருபவன் அவர் முகத்தைக் கண்டதும் வாசலோடு திரும்பிப் போகிறான். விழாத கள்ள வாக்கு எந்த எண்ணிக்கையிலே ஏறும்? வெற்றி விழாவிலே வேட்பாளருக்கு மாலை, முழங்கியவருக்குப் பொன்னாடை. முகவர் மறுநாள் காலை தறிக்குழியிலே கால் வைத்து வேலையைத் தொடங்கியிருப்பார்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன், பெரிய காரியம் அல்ல. நம் தோழர்கள் ஊர்தோறும் பந்தாட்டப் போட்டி நடத்துகிறார்கள். அதிகக் கோல் அடித்தவருக்குத் தனிக் கோப்பை, பணமுடிப்பு, சுவரொட்டியிலே பெயர். இந்த ஆண்டு முதல் பின்வரிசையிலே நின்றவர்களில் ஒருவருக்கும் அதே உயரத்திலே கோப்பை, அதே அளவிலே பணமுடிப்பு, அதே எழுத்திலே பெயர் என்று அறிவியுங்கள். யார் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் வேண்டாம். உங்கள் ஊரிலே முப்பது ஆண்டுகளுக்கு முன்னே தற்காப்பிலே ஆடி, முழங்கால் தேய்ந்து, இன்று திண்ணையிலே அமர்ந்து பந்தாட்டம் பார்க்கிற பெரியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை அழைத்து வந்து, கோல் கம்பத்துக்குப் பக்கத்திலே ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். பரிசு வழங்க மேடைக்கு அமைச்சர் வரட்டும், தலைவர் வரட்டும். பெயரை மட்டும் அந்தப் பெரியவர் சொல்லட்டும்.