ரூஹுக்கு 21 கிராமா? ஊர் உறவுகளிடம் சில கேள்விகள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரம் முழுதும் வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

நம்ம ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் இரண்டு செய்திகள் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. ஒன்று, ரூஹ் இருப்பதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது, அதன் எடை 21 கிராம் என்பது. மற்றது, பௌத்தர்களையும் இந்துக்களையும் நக்கலடிக்கும் வீடியோ. பௌத்தர்களுக்கு ஆன்மாவே கிடையாதாம், அதனால் மனிதனும் மரக்கட்டையும் அவர்களுக்கு ஒன்றுதானாம். இந்துக்கள் எல்லோரும் மனிதனே கடவுள் என்கிறார்களாம். இரண்டையும் அனுப்புவது பெரும்பாலும் ஒரே ஆட்கள். இரண்டுமே பிள்ளைகளின் ஃபோன் வழியாக வகுப்பறைக்கு வந்து சேர்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த 21 கிராமைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஹேவர்ஹில் என்ற ஊரில் டங்கன் மக்டூகல் என்றொரு டொக்டர் இருந்தார். மரணத் தறுவாயில் இருந்த 6 நோயாளிகளைக் கட்டிலோடு தராசில் வைத்து நிறுத்தார். முடிவை 1907இல் வெளியிட்டார். ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும் உயிர் போன நேரத்தில் முக்கால் அவுன்ஸ் குறைந்ததாம். அதுதான் இந்த 21 கிராம். இரண்டு பேரின் கணக்கை அவரே தள்ளிவிட்டார். மிச்சமுள்ளவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதே காலத்தில் கிளார்க் என்ற இன்னொரு டொக்டர் மறுப்பும் எழுதினார். மூச்சு நின்றதும் உடம்பின் சூடு கொஞ்சம் கூடும், வியர்வை ஆவியாகிப் போகும், எடை குறைய அதுவே காரணமாகலாம் என்றார்.

ஓஎல் படிக்கும் பிள்ளை ஆறு தரம் பரிசோதனை செய்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்தை ஒதுக்கினால் விஞ்ஞான டீச்சர் புள்ளி போடுவாரா? அதை நாம் ஈமானுக்கு ஆதாரமாகத் தூக்கிப் பிடிக்கிறோம்.

இன்னும் இருக்கிறது. அதே மனிதர் 15 நாய்களையும் நிறுத்துப் பார்த்தார். ஒன்றிலும் எடை குறையவில்லை. உடனே நாய்க்கு ஆன்மா இல்லை என்று முடிவு கட்டினார். 21 கிராமை நம்புகிறவர் இதையும் நம்பத்தான் வேண்டும். ஒரே தராசு, ஒரே டொக்டர்.

இனி நம் மார்க்கத்துக்கு வருவோம். அல்குர்ஆன் 17ஆம் அத்தியாயம் 85ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். நபியவர்களிடம் ரூஹைப் பற்றிக் கேட்டவர்களுக்கு வந்த பதிலில் எடையோ நிறமோ அளவோ இல்லை. அது ரப்புடைய கட்டளையைச் சேர்ந்த விஷயம், மனிதருக்குத் தரப்பட்ட அறிவு கொஞ்சம்தான் என்பதே அதன் கருத்து. 39ஆம் அத்தியாயம் 42ஆம் வசனத்தையும் பாருங்கள். மரணத்தில் மட்டுமில்லை, தூக்கத்திலும் உயிர்கள் கைப்பற்றப்படுவதாக அங்கே வருகிறது. 21 கிராம்காரர்களே, அப்படியானால் ஒவ்வோர் இரவும் படுத்தவுடன் 21 கிராம் குறைந்து, சுபஹுக்கு எழும்பும்போது திரும்பக் கூடுகிறதா?

நம் அறிஞர்களும் இதில் ஒரே கருத்தில் இருக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி ஆன்மாவை உடம்பு போன்ற சடப்பொருளாகக் கருதவில்லை. இமாம் இப்னுல் கையிம் ரூஹைப் பற்றியே தனி நூல் எழுதி, கண்ணுக்குப் படும் உடம்பிலிருந்து முற்றிலும் வேறான ஒரு நுண்ணிய பொருள் அது என்று வாதிட்டார். இருவருமே பெரும் இமாம்கள். ஒருவரை ஒருவர் காபிர் ஆக்கும் விஷயமாக இதை நம் சமூகம் எடுக்கவில்லை. நம் ஆட்களுக்குள் இந்தக் கருத்து வேறுபாட்டைத் தாங்கிக்கொண்ட நமக்கு, பக்கத்து வீட்டுக்காரர் வேறு விதமாகச் சொன்னால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உண்மையில் என்ன சொல்கிறார்?

பௌத்தம் சொல்வதற்கு அனத்தா என்று பெயர். மாறாமல் நிலைத்து நிற்கும் "நான்" என்று ஒன்றைத் தேடினால் அகப்படாது. உடம்பு, நுகர்ச்சி, குறிப்பறிவு, மனச் செயல்கள், உணர்வு என்று ஐந்து சேர்ந்து ஓடிக்கொண்டிருப்பதைத்தான் நான் என்கிறோம் என்பது அதன் விளக்கம். நாகசேனர் என்ற பிக்கு மிலிந்தன் என்ற அரசனுக்குத் தேரை வைத்து இதை விளக்கியதாக அவர்களுடைய நூல் சொல்கிறது. சில்லு தேர் இல்லை, அச்சு தேர் இல்லை, எல்லாம் சேர்ந்ததற்குத்தான் தேர் என்று பெயர். அதற்காகச் செத்தால் எல்லாம் முடிந்தது என்று பௌத்தம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது தவறான பார்வை என்று அவர்களே மறுக்கிறார்கள். செய்த வினை தொடரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால்தான் மௌத்தான வீட்டில் ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் தானம் கொடுத்து, அந்தப் புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்ப்பிக்கிறார்கள். மரக்கட்டைக்கு யாராவது புண்ணியம் சேர்ப்பிப்பார்களா?

இந்துக்களை எடுங்கள். ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்று சொல்வது அத்வைதம், சங்கரர் வழி. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நம்மோடு வாழும் சைவர்களின் பிள்ளைகள் படிப்பது சைவ சித்தாந்தம். அதில் பதி, பசு, பாசம் என்று மூன்று. பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருக்கும் தளை. பசு என்றதும் மாடு என்று சிரிப்பவர் அந்தப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைத் திறந்தே பார்த்ததில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம் தொட்டு, உயிர் வேறு, இறைவன் வேறு என்பதுதான் அந்த மரபின் அடிப்படை. மனிதனே கடவுள் என்று அவர்கள் சொல்லவில்லை. உயிர் படைக்கப்படாதது, என்றும் உள்ளது என்கிறார்கள். நாம் அதை ஏற்கமாட்டோம். ஆனால் ஏற்காதது எது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்?

2020 ஏப்ரலை மறந்துவிட்டோமா? கொவிட்டில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் வந்தது. 20 நாள் பச்சைக் குழந்தையைக்கூட எரித்தார்கள். அப்போது நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "உயிர்தான் போய்விட்டதே, வெறும் உடம்பை எரித்தால் என்ன, புதைத்தால் என்ன?" ரூஹ் பிரிந்தாலும் மையித்துக்குக் கண்ணியம் உண்டு என்று நாம் கெஞ்சிக் கெஞ்சி விளக்கினோம். எங்கள் நம்பிக்கையை நீங்கள் ஏற்க வேண்டாம், விளங்கிக்கொள்ளுங்கள் என்றுதானே கேட்டோம்? பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணி கட்டியபோது வேறு மதத்தவர்களும் வந்து கட்டினார்கள். அவர்களில் யாரும் நம் அகீதாவை ஏற்றுக்கொண்டு வரவில்லை. விளங்கிக்கொண்டு வந்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அனுமதி கிடைத்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானிக்க 2024 ஜூலை வரை போனது.

விளங்கிக்கொள்ளுங்கள் என்று அன்று கை ஏந்திய சமூகம், இன்று மற்றவரின் நம்பிக்கையை விளங்காமலே சிரிப்பது என்ன நியாயம்? நம்மை நோகடித்த அதே வேலையை நம் பிள்ளைகளுக்கு நாமே பழக்குகிறோமே!

சில காக்காமார் கேட்பார்கள்: "அப்போ எல்லா மதமும் ஒன்று என்கிறீரா சேர்?" இல்லை. ஒன்று என்று சொன்னால் அதுவும் அவர்களைப் படிக்காத பேச்சுத்தான். படைத்தவன் ஒருவன், ரூஹ் அவன் படைப்பு, மறுமையில் எழுப்பப்படுவோம் என்பது நம் ஈமான். அதில் விட்டுக்கொடுப்பில்லை. அல்பிரூனி ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன் சமஸ்கிருதம் படித்து, ஆன்மாவையும் மறுபிறப்பையும் பற்றி இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் விதமாகவே அரபியில் எழுதினார். அவருடைய ஈமான் அதனால் குறைந்துவிடவில்லை. நம் முன்னோரின் வழி அது. நக்கல் வீடியோ அவர்கள் வழியில்லை.

நம் பாடசாலைகளில் ஓஎல் வரை சமயம் கட்டாயப் பாடம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை மட்டும்தான் படிக்கிறது. பதினோரு வருடம் படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு அடுத்த தெருவின் நம்பிக்கை தெரியாது. அந்த வெற்றிடத்தை இப்போது ஃபோர்வர்ட் மெசேஜ் நிரப்புகிறது.

மௌலவிமாரிடம் ஒரு வேண்டுகோள். 21 கிராமை மிம்பரில் ஏற்றாதீர்கள். நாளைக்குப் பிள்ளை கூகுளில் தேடிப் பார்த்து அது பிழை என்று கண்டால், மிம்பரில் கேட்ட மற்றதையும் சேர்த்துச் சந்தேகப்படும். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்து மதத்தைப் பற்றி ஒரு வீடியோ வந்தால், அந்த மதத்து நண்பரிடம் "நீங்கள் இப்படியா நம்புகிறீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால், அனுப்பவும் வெட்கப்படுங்கள்.

அல்லாஹ் கொஞ்ச அறிவுதான் தந்திருக்கிறேன் என்று சொன்ன விஷயத்தில் கொஞ்சம் அடக்கமாக இருப்போம்.