ரெண்டே ரெண்டு கீ, சார்!

விண்டோஸ் கீயையும் எல்-லையும் சேர்த்து ஒரு தட்டு. அவ்வளவுதான், ஸ்கிரீன் பூட்டிக்கொள்ளும். 2001-ல் எக்ஸ்பி வந்த காலத்திலிருந்து இருக்கிற வசதி. மேக் என்றால் கண்ட்ரோல், கமாண்ட், க்யூ. ஒரு விரல் கூடுதல், போகட்டும். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கிற நேரத்துக்குள் முடிகிற வேலை. செய்வார்களா? ம்ஹூம்.

அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்க ஒரு லேபுக்குப் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மானிட்டர் பாதி எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. யாரோ ஓர் அம்மாவின் பெயர், வயசு, செல் நம்பர், கீழே தடித்த எழுத்தில் எகிறிப்போன ஓர் அளவு. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கி, பேப்பர் படிப்பதுபோல நிதானமாகப் படித்தார். படித்து முடித்து என்னிடம் திரும்பி, "ஹெச்பிஏ1சி பதினொண்ணு இருக்கு தம்பி. பாவம், மாத்திரையை ஒழுங்கா போடலை போலிருக்கு" என்று உச்சுக் கொட்டினார். அவரைத் திட்ட முடியுமா? கண்ணுக்கு நேரே விரித்து வைத்தால் மனுஷன் படிக்கத்தான் செய்வான். அந்த அம்மா இன்னும் வீட்டிலேயே சொல்லியிருக்க மாட்டார். வரிசையில் நிற்கிற எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இதில் எனக்கு வயிறு எரிவது எங்கே தெரியுமா? அந்தப் பெண் எழுந்து போகும்போது கையோடு செல்போனை எடுத்துக்கொண்டு போனார். மறக்கவே இல்லை. அந்த போனுக்கு விரல் ரேகை பூட்டு இருக்கும். வாட்ஸ்அப்புக்குத் தனிப் பூட்டு, போட்டோவுக்கு இன்னொன்று. கட்டின புருஷன் கேட்டாலும் பேட்டர்னைச் சொல்ல மாட்டோம். பூட்டத் தெரியாத ஜனமா நாம்? நம்ம சமாசாரம் என்றால் பூட்டு மேல் பூட்டு. ஊரான் சமாசாரம் என்றால் கதவே கிடையாது.

ஆபீசுகளில் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. எவனாவது பூட்டாமல் டீக்குப் போனால், அவன் மெயிலிலிருந்தே "இன்னைக்கு எல்லாருக்கும் பிரியாணி, என் செலவு" என்று டீமுக்கே தட்டிவிடுவார்கள். சிரிப்போம். ஆனால் அதே மெயிலிலிருந்து ராஜினாமா கடிதம் போனால்? எங்கள் ஃப்ளோரில் ஒருநாள் ஹெச்ஆர் சீட்டில் இன்க்ரிமென்ட் ஷீட் அப்படியே திறந்து கிடந்தது. சாயங்காலத்துக்குள் யாருக்கு எவ்வளவு ஏறியது என்று காவலாளி வரைக்கும் தெரியும். மறுநாள் விசாரணை. எதற்கு? யார் எட்டிப் பார்த்தார்கள் என்று! யார் திறந்து போட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சரி, ஒழுங்காகப் பூட்டுகிறவன் கதி என்ன? "என்ன சார், பெரிய சிபிஐ ரகசியமா? எங்க மேல நம்பிக்கை இல்லையா?" பூட்டினால் அகம்பாவம், திறந்து போட்டால் பெருந்தன்மை. எப்படி இருக்கிறது நியாயம்?

வங்கியில் மேக்கர், செக்கர் என்று ஒரு முறை உண்டு. ஒருவர் என்ட்ரி போடுவார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார். ஒரே ஆள் பணத்தைக் கிளப்பிவிடக் கூடாது என்பதற்காக. செக்கர் தன் லாகினைத் திறந்தபடி போட்டுவிட்டு, "நான் சாப்பிட்டு வர்றேன், நீயே அப்ரூவ் பண்ணிக்கோப்பா" என்றால்? இரும்புப் பெட்டியின் ரெண்டு சாவியையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்ட மாதிரிதான். நாளைக்கு ஏதாவது ஆனால் கம்ப்யூட்டர் யார் பெயரைச் சொல்லும்? சாப்பிடப் போனவர் பெயரைத்தான்.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று வருஷம் வரை ஜெயில். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்கத் தவறுகிற நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2023-ல் தனிச்சட்டமே போட்டாயிற்று. கோடியெல்லாம் டெல்லியில். கவுன்ட்டரில் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கக்கூட ஆள் இல்லை.

விரலுக்கு அவ்வளவு கஷ்டம் என்றால் அதற்கும் வழி செய்திருக்கிறான். போனை ப்ளூடூத்தில் இணைத்து வைத்தால், ஆள் தள்ளிப் போன கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் தானே பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் 10-லேயே 2017-ல் வந்துவிட்டது. போனைத்தான் நாம் எங்கேயும் விட்டுப் போவதில்லையே! யாராவது ஆன் பண்ணி நீங்கள் பார்த்ததுண்டா?

கடைசியில் எங்கள் ஐடி பையன் பொறுக்க முடியாமல், அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தால் எல்லா ஸ்கிரீனும் தானாகப் பூட்டிக்கொள்கிற மாதிரி செட்டிங் போட்டான். பாஸ்வேர்டு அடித்து அடித்து விரல் நோகிறது என்று மேலிடத்துக்குப் புகார் போயிற்று. அஞ்சு அரைமணி ஆனது. அதுவும் போதாமல், எங்கள் சீனியர் ஒருவர் யூட்யூபில் எட்டு மணி நேரம் மழை பெய்கிற வீடியோவைக் காலையிலேயே ஒரு மூலையில் ஓட விட்டுவிடுகிறார். வீடியோ ஓடினால் ஸ்கிரீன் பூட்டாதாம். சத்தத்தை மட்டும் ம்யூட் பண்ணி வைத்திருக்கிறார். அடுத்தவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது பாருங்கள்!